மூன்று பொட்டணத்தில் வந்த இங்கிலீஷ் வார்த்தை

எனக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் எழுத்தும் தெரியும், சொல்லும் விதமும் தெரியும், பிறந்த ஊரும் தெரியும். செக்கிங், கட்டிங், டேமேஜ், ஷிப்ட் என்று வேலைக்காலம் முழுக்க வாயில் போட்டு மென்ற மற்ற வார்த்தைகள் எங்கே பிறந்தன, யார் பெற்றார்கள் என்று நான் விசாரித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் விசாரிக்க வேண்டி வந்தது. விசாரித்த அன்று எங்கள் கம்பெனியில் எட்டுப் பேர் வாயடைத்து நின்றோம். அதில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவரும் ஒருவர்.

செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பனியனில் ஓட்டையும் கறையும் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. பத்து நாள் நின்றால் உங்கள் கண் தானாகக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளாத கண்ணுக்கு நான் சொல்லியும் பயனில்லை. கழுத்தில் இருக்கிறதே லேபிள், அதைப் பற்றிச் சொல்கிறேன். அதைத்தான் யாரும் செக் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்பிலேயே பிரிந்துவிட்டோம். யார் யாரை விட்டது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. வீரபாண்டிப் பக்கம் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்றில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி தறிக்காரக் குடும்பம். முருகனைக் கேட்காமல் மிஷினுக்கு எண்ணெய்கூட விடமாட்டார். எங்கள் பனியனில் பெயரே கிடையாது. கழுத்தில் ஒரு வேல் படம் இருக்கும். அது முதலாளியைப் பெற்ற அய்யன் காலத்து முத்திரை. அய்யன் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாலும் அவர் சொல்தான் சொல். "வேல் இருக்கறப்ப வேற பேரு எதுக்குடா" என்பார். ஆனால் வடக்கே சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாம் இங்கிலீஷ் பெயர் கேட்டார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயரைப் போட்டுவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போனது.

அந்தக் காலத்தில் பெயர் பிடிக்கும் விதமே வேறு. அர்த்தம் பார்த்துப் பிடிப்பதில்லை. வெள்ளைக்காரன் ஊரிலிருந்து வந்த பழைய பெட்டிகளின் மூடியைச் சேர்த்து வைத்து, அதில் அச்சடித்திருக்கும் வார்த்தைகளில் எது பார்க்க லட்சணமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். முதலாளியும் அப்படி மூடிகளைச் சேர்த்துக் கிளார்க்கிடம் கொடுத்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர் என்றேனே, அவர்தான். காதில் பென்சில் இருக்கும். இங்கிலீஷ் அவர் பாட்டன் சொத்து மாதிரி பேசுவார்.

அவர் மூன்று வார்த்தைகளைக் கத்தரித்து எங்கள் செக்கிங் டேபிளில் பரப்பினார். ஒன்று பூரான் மாதிரி நீளம்.

"இது பால்பிரிக்கன்" என்றார்.

என் பக்கத்தில் நிற்கும் மாரக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பால் பிரிக்கற வேலைய பால்காரர் பாத்துக்கட்டுமுங்க" என்றாள்.

"இது மெரினோ. இது லிஸ்லி."

மூன்றாவதைப் பார்த்தேன். ஐந்தே எழுத்து. ஒரு மூலைக்கம்பி, ஒரு குச்சி, ஒரு பாம்பு, மறுபடி ஒரு மூலைக்கம்பி, கடைசியில் ஒரு சீப்பு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. எனக்கு அப்போதே அது பிடித்துப்போனது. காரணம் அழகு இல்லை. எங்கள் கம்பெனியில் லேபிளைக் கையால்தான் தைத்தோம். தைப்பது நானும் மாரக்காவும். பூரான் நீளத்துக்கு லேபிள் வந்தால் சுற்றி எத்தனை ஊசிக்குத்து என்று என் விரல் கணக்குப் போட்டுவிட்டது.

கிருத்திகை அன்று பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. உங்களுக்குத் தெரிந்ததுதான், பெண் எடுப்பதா வேண்டாமா, கிணறு வெட்டுவதா வேண்டாமா என்று குழப்பம் வந்தால் பொட்டணங்களில் பூவை மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்தது சாமி வாக்கு. இங்கிலீஷ் வார்த்தைக்குப் பூக்கட்டிப் பார்த்தது உலகத்திலேயே எங்கள் முதலாளி ஒருவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு சீட்டையும் பூவோடு இலையில் மடித்து மூன்று பொட்டணம் கட்டினார்.

"யாருங்க எடுக்கறது?" என்று கேட்டார் கிளார்க்கு. தன்னைச் சொல்வார் என்று அவருக்கு நினைப்பு.

"இங்கிலீசு தெரிஞ்ச கை ஆசையில எடுக்குமுங்க. தெரியாத கையாத்தான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி டேபிள் பக்கம் வந்தார். "பாப்பாத்தி அம்மிணி, நீ வா கண்ணு."

பிழைப்பில் முதல் தடவையாக, படிக்காததற்காக எனக்குக் காரில் இடம் கிடைத்தது.

குன்றின் மேல் கோயில். கற்பூர வெளிச்சத்தில் மூன்று பொட்டணமும் இருந்தன. இரண்டு கொழுக்கட்டை மாதிரி புடைத்திருந்தன. ஒன்று மெலிசாகத் தட்டையாக இருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உதடு துடிக்க நின்றார். அர்ச்சகர், "மனசுல ஒண்ணும் நெனைக்காம எடும்மா" என்றார். நானும் ஒன்றும் நினைக்கவில்லை. சின்ன வார்த்தை சின்னப் பொட்டணத்தில்தானே இருக்கும், ஊசிக்குத்து குறையும் என்பதை மட்டும் நினைத்தேன். மெலிசானதை எடுத்தேன்.

பிரித்தால் பாம்பும் சீப்பும் இருந்தன. முதலாளி கண்ணில் தண்ணீர். "முருகன் குடுத்த பேரு" என்று அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டார். வீட்டுக்குப் போய் அய்யனிடம் சொன்னார். சாமியே சொல்லிவிட்டதால் அய்யனும் வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. தையலுக்குச் சோம்பல்பட்டுச் சாமி வாக்கை மாற்றியவள் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போவதற்கு முன்னால் என் மாமியார் என்னை வாசற்படி ஏற்றமாட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வார்த்தையை எத்தனை கழுத்தில் தைத்தேனோ, அத்தனை தடவையும் அது என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது.

பெயர் நன்றாக ஓடியது. எங்கள் லைனில் "லிசிலி" என்றால் எங்கள் கம்பெனி. மாரக்கா தன் எருமைக் கன்றுக்கே லிசிலி என்று பெயர் வைத்தாள். அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளார்க்கிடம் நான் ஒரு தடவை கேட்டேன். "உயர்ந்த ரகம்னு அர்த்தமுங்க" என்றார், பென்சிலை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டே. எங்கள் பேச்சு அத்தோடு முடிந்தது.

எங்களிடம் சரக்கு வாங்கிப் பினாங்குக்குக் கப்பலில் அனுப்புகிற ராவுத்தர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். செக்கிங் ரூமுக்குள் பெண்கள் இருக்கிறோம் என்று வாசலில் நின்று கனைத்துவிட்டுத்தான் வருவார். அந்த ஒரு கனைப்புக்காகவே அவர் சரக்கை நாங்கள் இரண்டு தடவை பார்த்து அனுப்புவோம். லிசிலி பனியன் முதல் லோடு பினாங்கு போய், அவரும் பின்னாலேயே கப்பல் ஏறிப் போயிருந்தார். இரண்டாவது லோடு எங்களிடம் தயாராகிக்கொண்டிருந்தது. பெட்டிகளில் ஆணி அடிப்பதுதான் பாக்கி. சாயங்காலம் லாரி வரும்.

அன்று காலையில் அவர் கனைக்காமல் உள்ளே வந்தார்.

ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் கரிப்புகை. கையில் எங்கள் பனியன் ஒன்று. அதை எங்கள் டேபிளில் விரித்துப் போட்டார். முதலாளி ஓடி வந்தார். கிளார்க்கும் வந்தார்.

"மொதலாளி, இது என்னங்க?"

"நம்ம லிஸ்லி பனியனுங்க."

"லிஸ்லி இல்லீங்க. லைல்."

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கிளார்க்கு சிரித்தார். "இல்லீங்க ராவுத்தரே, நடுவுல எஸ் இருக்குதுங்களே."

"இருக்குது. பேசாது. கடைசியில ஒரு ஈ இருக்குது, அதும் பேசாது."

"பேசாத எழுத்த எதுக்குங்க எழுதோணும்?"

"உங்கள்ட்ட கேட்டுட்டா எழுதுனாங்க" என்றாள் மாரக்கா மெதுவாக.

அஞ்சு பேரை வேலைக்கு வைத்து அதில் இரண்டு பேர் சும்மா நிற்பதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ராவுத்தர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அது பேரு இல்லீங்க மொதலாளி. அது ஒரு நூலு. அந்த நூலுக்கு அதான் பேரு."

முதலாளிக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. ராவுத்தர் நின்றபடியே சொன்னார். பினாங்கில் ஒரு சீனாக்காரர் கடை. எஸ்டேட் வெள்ளைக்காரர்களுக்குப் பனியனும் காலுறையும் விற்றே தலை நரைத்தவர். எங்கள் பெட்டியைப் பிரித்து லேபிளைப் படித்ததும் அவருக்குச் சந்தோஷம். இந்தியாவில்கூட லைல் செய்கிறார்களா என்று கடை முகப்பில் அடுக்கிவிட்டார். வாங்கிப் போன வெள்ளைக்காரர்கள் ஒரு வாரத்தில் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்து, மூன்று தலைமுறைக் கடையில் இப்படியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"நான் போறப்பல்லாம் வாசல்லயே வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவாரு. இந்தத் தடவ வாசல்லயே நிறுத்திட்டாருங்க. அவரு உள்ள, நான் வெளிய. நடுவுல இந்தப் பனியன்."

ராவுத்தர் பையிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்தார். சீனாக்காரர் கொடுத்து அனுப்பியது. அதுதான் அசல் லைல். பிரான்சு தேசத்தில் ஒரு ஊர். ஊர் பெயரே லைல். தீவு என்று அர்த்தமாம். இப்போது அந்த ஊர்க்காரர்கள் வேறு மாதிரி எழுதி 'லீல்' என்கிறார்களாம். இங்கிலீஷ்காரன் மட்டும் பழைய எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். அந்த ஊரில் நூற்ற நூல் அத்தனை நயமாக இருந்ததால் நூலுக்கே ஊர் பெயர் வந்துவிட்டதாம். நீளப் பஞ்சை எடுத்து, இரண்டு இழையைச் சேர்த்து இறுக்கி முறுக்கி, பிறகு அதை நெருப்புக்குள் விட்டு எடுப்பார்களாம்.

"நூல நெருப்புலயா?" என்றேன். என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஆமா தங்கச்சி. சரசரன்னு ஓட்டி எடுப்பாங்களாம். மேல இருக்கற பிசிறு மட்டும் பொசுங்கிரும். நூலுக்கு ஒண்ணும் ஆகாது."

மாரியம்மன் கோயிலில் நெருப்புக் குண்டம் இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நூல் குண்டம் இறங்கிக் கேள்விப்பட்டதில்லை. கை சும்மா இருக்கவில்லை. காலுறையின் கிழிந்த ஓரத்தில் ஓர் இழையை உருவி, முறுக்கைத் திருப்பிப் பிரித்தேன். இரண்டாகப் பிரிந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். மழித்த மாதிரி வழவழப்பு, ஒரு பிசிறு இல்லை. பிறகு எங்கள் பனியனில் ஓர் இழையை உருவிப் பிரித்தேன். அது இரண்டாகப் பிரியவில்லை. பஞ்சாக உதிர்ந்து டேபிளில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்த இன்னொரு இழை பூனை வால் மாதிரி மயிர் விட்டிருந்தது.

எங்கள் பனியன் மோசமில்லை. நல்ல பனியன். ஆனால் அதன் கழுத்தில் நான் தைத்திருந்தது அப்பட்டமான பொய். என் கையால், ஒரு வருஷத்துக்கு மேல், குத்துக்குக் குத்து. மாரக்கா வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவில்லை. கிளார்க்கு காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்தார்.

"கடைசியா ஒண்ணு கேட்டாருங்க" என்றார் ராவுத்தர். "லேபிளப் பாத்து வாங்குனேன், உங்களப் பாத்தும் வாங்குனேன். ரெண்டுல எது பொய்யின்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன்னேன். அடுத்த கப்பல்ல ரெண்டாவது லோடோட போகோணும். இந்த லேபிளோட போனா நான் பொய்யன். சரக்கில்லாமப் போனாலும் வாக்குத் தவறுனவன். லேபிளப் பிரிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

நியாயம்தான் என்று நாங்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி முகம் வேறு மாதிரி இருந்தது. பயம் இல்லை. ஒரு பரவசம்.

"நெருப்புக்குள்ள போயிட்டு வர நூலுங்களா அது?"

"ஆமாங்க."

"அந்தப் பேரையா முருகன் எனக்குக் குடுத்தாரு" என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ராவுத்தர் திகைத்துப்போனார். "மொதலாளி, பேரு பெருசுதானுங்க. நம்ம நூலு அது இல்லீங்களே."

"ராவுத்தரே, உங்களுக்கு நட்டம் வந்தா நான் தாங்கிக்கறனுங்க. கோயில்ல பூக்கட்டி வந்த பேரு அது. அதப் பிரிச்சு எறிய எங்கையி வராதுங்க. ஆகாதுங்க. வேற எது வேணுன்னாலும் கேளுங்க."

ராவுத்தர் டேபிளில் கிடந்த காலுறையை எடுத்தார். "உங்க சாமி வாக்க நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். மடித்துப் பையில் வைத்தார். பனியனை எங்கள் டேபிளிலேயே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பிள்ளைகளே, டேபிளிலிருந்து இருபது எட்டு வைத்தால் வாசல். அந்த இருபது எட்டு நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அதற்குள் நான் நினைத்தது எல்லாம் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. வேலை போகும் என்று நினைத்தேன். மாமியார் கையில் விளக்குமாறு இருப்பதை நினைத்தேன். முருகன் கண்ணைக் குத்துவார் என்றுகூட நினைத்தேன். பிறகு, அவர் கண்ணைக் குத்துவதாக இருந்தால் போன வருஷமே குத்தியிருப்பார் என்று தோன்றியது. ராவுத்தர் பன்னிரண்டாவது எட்டில் இருந்தார். படத்தைக் கும்பிட்டு நின்ற முதலாளியின் முதுகைப் பார்த்து நான் பேசினேன்.

"மொதலாளி, அது முருகன் குடுத்ததில்லீங்க."

அவர் திரும்பினார். ராவுத்தரும் நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு சொல்ற?"

"நான் எடுத்ததுங்க. மெலிசாப் பாத்து எடுத்தனுங்க. சின்ன வார்த்தைன்னா லேபிளு சின்னதா இருக்கும், தைக்கறதுக்குச் சொகமுன்னு. சாமி கையெல்லாம் இல்லீங்க. எஞ் சோம்பேறிக் கையிதானுங்க."

மாரக்கா என் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளியது கோபத்திலா, தனக்கும் தையல் குறைந்த நன்றியிலா என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

முதலாளியின் கை கும்பிட்டபடியே இருந்தது, இறக்க மறந்துவிட்டார். மிஷின் ரூமில் யாரோ மிஷினை நிறுத்தினார்கள். நான் என் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டேன். அவர் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போவது மரியாதை என்று பட்டது.

"நில்லு அம்மிணி" என்றார்.

நின்றேன்.

அவர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நீ எத எடுத்திருந்தாலும் அதேதான் கண்ணு வந்திருக்கும்."

யாருக்கும் விளங்கவில்லை.

"மூணு பொட்டணத்துலயும் அதே வார்த்தைதான் வெச்சேன்."

கிளார்க்குதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் மூணு வெட்டிக் குடுத்தனுங்களே."

"மத்த ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு, உங்ககிட்ட இருந்த மூடியில இன்னும் ரெண்டு லிஸ்லி வெட்டுனேன். மூடி எத்தன கெடந்துது. மெலிசா இருந்ததுல பூ கொறவு, அவ்வளவுதான்."

சின்ன வயசில் ஏதோ ஒரு துரை வீட்டில் துணி மடித்துக் கொடுக்கப் போனபோது அந்த ஐந்து எழுத்தைப் பார்த்திருக்கிறார். படிக்கத் தெரியாது, ஆனால் அந்தத் துணியைத் தொட்ட விரல் மறக்கவில்லை. அந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஆசை. அய்யனிடம் தன் ஆசை என்று சொன்னால் நடக்காது. அதனால் முருகன் ஆசை என்று ஆக்கிவிட்டார். செய்துவிட்டுக் கொஞ்ச நாளில், அது முருகன் வாக்குத்தான் என்று அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தூக்கிவாரிப் போட்டது. நான் செய்த திருட்டாவது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் தன்னிடமே திருடி, தானே சாட்சி சொல்லி, தானே கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ராவுத்தர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளுக்கொரு பக்கம் திருடிட்டு, பழிய மட்டும் அவரு தலையில வெச்சிருக்கீங்க" என்றார் படத்தைக் காட்டி. "பாவமுங்க அவரு."

முதலாளி எழுந்து போய் டேபிளிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். பெட்டியைத் திறந்து முதல் பனியனை எடுத்து, லேபிளை அவரே பிரித்தார். பழக்கமில்லாத கை, விரலைக் கீறிக்கொண்டார். "மேல ரத்தம் படாமப் பாருங்க, டேமேஜ்ல போயிரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. "செரிங்க" என்றார் முதலாளி.

நான், மாரக்கா, இன்னும் மூன்று பெண்கள், கிளார்க்கு, முதலாளி, ஆணி அடிக்க வந்தவர் எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம். தைக்கச் சோம்பல்பட்டவளுக்கு அதைவிட இரண்டு மடங்கு வேலை பிரிப்பதில் என்று அன்றுதான் தெரிந்தது. லேபிள் போன இடத்தில் கழுத்தில் பொடிப்பொடியாக ஊசித் துளைகள் நின்றன. முதலாளிக்கு அதுவேறு கவலை.

"தொளை தெரியுதுங்களே ராவுத்தரே."

"தெரியட்டுமுங்க. கேட்டா சொல்லிக்கறேன்."

பாதிப் பெட்டி முடிந்தபோது கிளார்க்குக்குத் தெம்பு வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு வார்த்த பாக்கி இருக்குதுங்க. மெரினோ நல்ல பேருங்க" என்றார்.

பிளேடுகள் எல்லாம் நின்றன.

"அப்படீன்னா என்ன?" என்று கேட்டார் முதலாளி.

கிளார்க்கு சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார். அந்தக் கம்பெனியில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைத்தான். இன்றைக்கு உங்கள் டேபிளுக்கு வரும் துணியில் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அட்டையில் ஒன்று என்று வார்த்தைகள் தொங்குகின்றன. உங்கள் சூப்பர்வைசர் 'ஒட்டு' என்பார். ஒட்டுங்கள், வேலை அதுதான். ஒட்டுவதற்கு முன்னால், இது என்னங்க சொல்லுது என்று ஒரு தடவை கேளுங்கள். பென்சில் காது மாறினால் மறுபடி கேளுங்கள். பிறகு ஓர் இழையை உருவிப் பாருங்கள். துணிக்கு இங்கிலீஷ் தெரியாது. அது தமிழிலும் பொய் சொல்லாது.

என் வேலை போகவில்லை. "உன்ன நிறுத்தறதுன்னா மொதல்ல என்ன நிறுத்தோணும்" என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அய்யனிடம் அவரே போய் உண்மையைச் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் முதலாளி ஒரு கன்னத்தைச் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

லாரி சாயங்காலம் போனது. பெயரில்லாத பனியன். ராவுத்தரும் கப்பல் ஏறினார். அதன் பிறகு எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. மழைக்காலம் வந்து போனது. ஒவ்வொரு நாளும் வாசலில் யாராவது கனைத்தால் ஐந்து தலை திரும்பும். பெரும்பாலும் அது சளி பிடித்த கிளார்க்காக இருக்கும்.

ஒரு மத்தியானம் நிஜமாகவே ராவுத்தர் கனைத்தார். கனைத்துவிட்டு, நாங்கள் வாங்க என்று சொன்ன பிறகு உள்ளே வந்தார். முதலாளி சாப்பாட்டிலிருந்து கை கழுவாமல் எழுந்து வந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

ராவுத்தர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "மறுபடியும் வாசல்லதான் நின்னனுங்க. பெட்டியப் பிரிச்சாரு. கழுத்தத் தடவிப் பாத்தாரு. இந்தத் தொளை என்னன்னு கேட்டாரு."

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். கோயிலு, பொட்டணம், தங்கச்சி மெலிசா எடுத்தது, நீங்க மூணுலயும் ஒண்ணையே வெச்சது. ஒண்ணு விடல."

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். கடல் தாண்டி ஒருத்தர் கடையில் நம் மானம் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"சிரிச்சாருங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. பனியன மடிச்சுப் பெட்டியிலயே வெச்சாரு. எனக்கே பயமாப் போச்சு. அப்புறம் மேல அவரு கடைப் பலகையக் காட்டுனாரு. சீன எழுத்துல கடைப் பேரு. அவங்க கோயில்ல மூங்கக் குழாய்ல குச்சி போட்டு ஆட்டுவாங்களாம், எந்தக் குச்சி விழுகுதோ அது சாமி வாக்காம். அந்தப் பேரு அவங்க தாத்தன் காலத்துல அப்படி வந்ததாம்."

"செரி."

"தாத்தன் சாகறப்ப இவரக் கிட்டக் கூப்பிட்டு, குழாய்ல இருந்த எல்லாக் குச்சியிலயும் அந்த ஒரே பேர நாந்தான்டா செதுக்குனேன்னு சொன்னாராம். இன்னிவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லைன்னாரு."

"அப்புறமுங்க?" என்றார் முதலாளி.

ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கையப் புடிச்சாருங்க. உள்ள வாங்க, டீ ஆறுதுன்னாரு."